தேள் இருந்த திசை

சவப்பெட்டியை மூடி அறைய ஆணியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் உள்ளே வந்த பெண் யாரையும் கேட்காமல் குனிந்து, சவரிராஜின் இடது கையில் வெள்ளைத் துண்டை இழுத்துப் போர்த்தினாள்.

"லத்தி அடிபட்ட தழும்பு வெளிய தெரிஞ்சா அவருக்குப் புடிக்காதுக்கா."

சகாயம்மாள் திகைத்துப்போனாள். வீட்டில் சட்டையே போடாத மனுஷன். அந்தத் தழும்பை மறைக்க ஆசைப்பட்டான் என்பதைக் கட்டிய பெண்டாட்டிக்கு இவள் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இவள் குத்தாலத்து அம்சவல்லி. ஆட்சி மாறிய மறு வருஷம், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்குப் போலீஸ் வீடு வீடாகத் தேடியபோது, சவரிராஜ் இவள் வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் மூன்று மாதம் ஒளிந்திருந்தான். அடைக்கலம் கொடுத்த மகராசி என்று ஊரே சொல்லும். சகாயம்மாளும் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்துகொண்டே. நேற்று நாற்றங்காலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் சாய்ந்தபோதுகூட, இவளுக்கு யாரும் சொல்லி அனுப்பக் கூடாதே என்றுதான் ஒரு நிமிஷம் தோன்றியது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. பஸ்ஸுக்காக அம்சவல்லி வாசலில் உட்கார்ந்தாள். சகாயம்மாள் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தனியாக விட்டால் தெருவிடம் என்னென்ன சொல்வாளோ.

அம்சவல்லி தெற்கே வானத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தேளு வந்துடுச்சு பாருங்க. ஒளிஞ்சிருந்தப்ப அவரு பகல்ல தலைகாட்ட முடியாதுல்ல, இருட்டுனதும் கொட்டாய விட்டு வெளிய வந்து காட்டுவாரு. நெஞ்சுல செவப்பா ஒரு வெள்ளி, கீழ கொக்கியாட்டம் வாலு. ஒங்களுக்குக் காட்டாமயா இருந்திருப்பாரு?"

இந்த வாசலில் சவரிராஜ் நிமிர்ந்து பார்த்தது கூரை ஒழுகியபோது மட்டும்தான். சகாயம்மாளிடம் அவன் மடையைப் பற்றிப் பேசுவான், விதைநெல்லைப் பற்றிப் பேசுவான். ஒரு நட்சத்திரத்தைப் பற்றிப் பேசியதில்லை.

"காட்டாம? கல்யாணம் ஆன புதுசுலயே காட்டிட்டாரு" என்றாள். "ஆனா நீங்க பாக்குற பக்கம் தப்பு. தேளு அந்தா இருக்கு."

அவள் கை வடக்கே, மாதாகோயில் கோபுரத்துக்கு மேலே நீண்டது. அங்கே என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. தெற்கே தென்னைகளுக்கு மேல் அந்தச் சிவப்பு வெள்ளி பளிச்சென்று இருந்தது.

அம்சவல்லி வடக்கே திரும்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சகாயம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள் மெதுவாக. "அங்கதான் இருக்கு. எனக்குத்தான் மறந்துபோச்சு."

பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. சகாயம்மாள் வாசலிலேயே நின்றாள். தெற்கே மட்டும் திரும்பவில்லை.