எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே கடலை ஒட்டிய சொகுசு விடுதி ஒன்றில் ஜெனிஃபர் எஞ்சினியர். ஏசி, பம்பு, விளக்கு என்று எல்லாம் அவளுடைய கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓடும். அவற்றை வெளியூரிலிருந்தும் இயக்க ஓர் இணைப்பு வேண்டும் என்றார் மேனேஜர் அத்வைத்.

ஜெனிஃபர் இரண்டு வழி சொன்னாள். ஒன்றில், எந்திர அறையில் இருப்பவர் ஒரு சாவியைத் திருப்பினால்தான் வெளியிலிருந்து யாராலும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியும். மற்றொன்று எந்நேரமும் திறந்தே கிடக்கும். போனிலிருந்தே எதையும் ஓட்டலாம், நிறுத்தலாம்.

"சாவி வச்சதையே போட்டுடலாம் சார். ஆளுங்க மிஷினுக்குள்ள கை வுட்டுகினு இருப்பாங்க. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு அது தெரியாது."

"முதலாளிங்க முன்னாடி உக்காந்துகிட்டு, யாராவது வந்து சாவி திருப்புங்கன்னு நான் கெஞ்சணுமா?" அத்வைத் சிரித்தார். "எப்பவும் திறந்திருக்கறதைப் போடுங்க."

போட்டாள். அவருக்கு அது விளையாட்டுப் பொருளாகிவிட்டது. ஒருநாள் மதியம் வீட்டிலிருந்தபடியே ஊழியர் சாப்பாட்டு அறையின் ஏசியை நிறுத்தினார். ஆட்கள் சாப்பாட்டுத் தட்டால் விசிறிக்கொள்வதைக் கேமராவில் பார்த்ததாக மறுநாள் அவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஜெனிஃபரும் சிரித்து வைத்தாள்.

ஆனி மாதம், கல்யாண மண்டபத்துக்குக் குளிர்காற்று தள்ளும் பெரிய விசிறியின் பெல்ட் தளர்ந்துவிட்டது. மெக்கானிக் தர்மராஜ் ஸ்பேனரோடு வந்தான். விசிறிக்குப் பக்கத்திலிருந்த சுவிட்ச் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போய் மாதக்கணக்காகிறது. புதிதாகக் கேட்டும் அத்வைத் வாங்கித் தரவில்லை. அதனால் ஜெனிஃபர் கம்ப்யூட்டரில் விசிறியை நிறுத்தினாள்.

"நிறுத்திட்டேன் தர்மராஜ். போங்க."

"நீங்க சொன்னா சரிதான் மேடம்." விசிறிக் கூண்டின் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே குனிந்தான்.

அதே நேரம் சென்னையில் அத்வைத் முதலாளிகளுக்குப் போனிலிருந்தே விடுதியை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஜெனிஃபரின் திரையில், அவள் தொடாமலேயே, விசிறியின் படம் பச்சையாக மாறியது.

அலறல் கேட்டது. அவள் நிறுத்தினாள். நின்றது, மறுபடி ஓடியது. அத்வைத்துக்குப் போன் செய்தாள், துண்டித்தார். மறுபடி அடித்தாள், மறுபடியும் துண்டித்தார். மெயின் பேனலுக்கு ஓடிப் போய் மொத்தக் கரண்டையும் அணைத்தபோதுதான் விசிறி ஓய்ந்தது. தர்மராஜின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அத்வைத் ஆப்பிள் பையோடு வந்தார். வார்டுக்கு வெளியே ஜெனிஃபரை நிறுத்தினார்.

"நான் ஆன் பண்ணேன்னு எதுக்குச் சொல்லணும்? இணைப்பு போட்டது நீங்க. 'போங்க'ன்னு உள்ள அனுப்பினதும் நீங்க. யோசிச்சுப் பேசுங்க."

கருங்குழியில் கட்டிமுடிக்காத வீடும் அப்பா ஏசுபாதத்தின் டயாலிசிஸும் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தன. அதை அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

உள்ளே, தர்மராஜின் மனைவி எல்லம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், நீங்க அங்கதானே இருந்தீங்க? நிறுத்துன மிஷினு எப்டி ஓடும்? எவன் போட்டான்னு சொல்லு மேடம். எம் புருசன் இனிமே இன்னா வேல செய்வான்?"

அத்வைத் ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தர்மராஜ் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான்.

"யாரும் போடல," என்றாள் ஜெனிஃபர். "சிஸ்டம் தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு."

"தானாவா? பேயா போட்டுச்சு?" எல்லம்மாள் கத்தினாள். "பொய் சொல்ற மேடம் நீ!"

"ஏய், வாய மூடு." தர்மராஜ் ஈனக்குரலில் சொன்னான். "அந்தப் பொண்ணு பொய் சொல்லாது. அதுதான் ஓடிப் போய் கரண்ட நிறுத்திச்சு. இல்லாட்டி முழுக் கையும் போயிருக்கும். மன்னிப்புக் கேளுடி."

எல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெனிஃபரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

ஜெனிஃபர் அந்தக் கைகளைப் பிடித்துத் தடுக்கவில்லை.

காரில் ஏறும்போது அத்வைத் சொன்னார்: "நம்ம கோவளத்து விடுதிக்கும் இதே இணைப்பை முதலாளிங்க கேட்டிருக்காங்க. திங்கட்கிழமை போய்ப் போட்டுடுங்க."

"சரி சார்," என்றாள்.