தரிசனங்கள் ஆறு, திருத்தம் ஒன்று

...கபிலர் சாங்கியம், பதஞ்சலி யோகம், கௌதமர் நியாயம், கணாதர் வைசேசிகம், அன்றைக்கே இதை ஒழுங்காக எழுதித் தொலைத்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும், நியாயத்துக்குக் கணாதரையும் வைசேசிகத்துக்குக் கௌதமரையும் மாற்றிப் போட்டது கை, சரி, கை தவறும், ஆனால் தெரிந்த பிறகும் மூடி மறைத்தது கையில்லையே... சிவபாண்டி நோட்டைப் பார்ப்பதுபோல் எதிர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசுமலையில் மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழே ஸ்டடி ஹால், ஞாயிறு காலை பதினோரு மணி, மின்விசிறி அனலை வாரித் தலையில் கொட்டியது. எதிரே பாண்டீஸ்வரி, கூடப் படித்த பேச்சிமுத்துவின் தங்கை. உசிலம்பட்டியில் வீட்டிலேயே படித்தவள், கடைசி ஒரு வாரத்துக்கு மட்டும் இங்கே வந்திருக்கிறாள், அண்ணனுடைய பழைய நோட்டை விரித்துவைத்து உதடு அசையப் படிக்கிறாள். அடுத்த ஞாயிறு குரூப் ஒன் முதல்நிலைத் தேர்வு. அவளுக்கு அது முதல் தடவை, வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசி. அவள் கையில் இருப்பது சிவபாண்டியே எழுதிப் பேச்சிமுத்துவுக்குக் கொடுத்த நோட்டின் ஜெராக்ஸ், அதில் அந்தப் பக்கமும் இருக்கும், தப்போடு இருக்கும். அண்ணனைக் கவிழ்த்தது போதாதென்று தங்கையையும் கவிழ்க்கப்போகிறாயா சிவபாண்டி, சொல்லிவிடேன், சொன்னால் என்ன, எப்போது தெரியும் என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்வாய்?

ஆறு வருடம் அவனும் பேச்சிமுத்துவும் ஒன்றாகப் படித்தார்கள், பாடத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு. அரசியலமைப்பும் பொருளாதாரமும் பேச்சிமுத்துவுக்கு, வரலாறும் சமயமும் தத்துவமும் இவனுக்கு. அவரவர் பங்கை ஆழமாகப் படித்து நோட்டு எழுதி ஜெராக்ஸ் போட்டு மற்றவனுக்குக் கொடுக்க வேண்டும், அடுத்தவன் பங்குக்குப் புத்தகத்தைத் தொட மாட்டார்கள், அதற்கெல்லாம் நேரம் ஏது. அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். யார் நோட்டில் யார் தப்புக் கண்டுபிடித்தாலும் மறுநாள் காலை டீக்கடையில் ‘திருத்தம்’ என்று சொல்ல வேண்டும், இரண்டு பேரும் அங்கேயே நோட்டைத் திறந்து சிவப்பு மையில் திருத்தித் தேதி போட வேண்டும். வேறு எதில் ஏமாற்றினாலும் இதில் ஏமாற்றியதில்லை, இரண்டு வருடம் முன்பு நடந்த முதல்நிலைத் தேர்வு வரைக்கும். தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது நூலகப் புத்தகம் ஒன்றில் நியாயத்துக்கு நேராகக் கௌதமரைப் பார்த்தான், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான், மறுநாள் டீ குடிக்கும்போது பேச்சிமுத்து மாதிரித் தேர்வில் தனக்கு இவனைவிட எட்டு மார்க் கூடுதல் என்று சொல்லிச் சிரித்தான், சும்மா சிரித்தான், அவ்வளவுதான், இவன் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் நோட்டை மட்டும் திருத்திக்கொண்டான், தேதி போடாமல்.

கேள்வியும் வந்து தொலைத்தது, பொருத்துக என்று. பேச்சிமுத்துவுக்கு ஒரே ஒரு கேள்வியில் போனது, அத்தோடு அவனுக்கு வயதும் போனது. இவன் தேறினான், முதன்மைத் தேர்வில் மண்ணைக் கவ்வினான், அது வேறு. கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சமயநல்லூர்ப் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசராகச் சேர்ந்த பேச்சிமுத்து எந்தக் கேள்வி போனது என்று இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்கவா வேண்டும், புகையைக் கண்டால் நெருப்பு உண்டு என்று அறிவது அனுமானம், நியாயக்காரர்கள் சொன்னது, இரண்டு மார்க். இரண்டு வருடமாகப் படித்த தத்துவம் ஒவ்வொன்றின் வாசலிலும் போய் நின்று பார்த்துவிட்டான். எல்லாம் நியதி, மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று ஆசீவகர்கள் இடம் கொடுத்தார்கள், ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினான். சமணர்கள்தான் விடவில்லை, வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் துகளாம், பஸ்ஸில் வரும்போது கீழக்குயில்குடிச் சமணர் மலை கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பேசாமல் இருந்ததும் பொய்யில் சேருமா? எந்தப் புத்தகத்திலும் அதற்கு நான்கு விடை கொடுத்து டிக் அடிக்கச் சொல்லவில்லை.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஆறு தரிசனங்கள் என்று அவனே கொட்டை எழுத்தில் எழுதிய தலைப்பு தலைகீழாகத் தெரிந்தது. இப்போது விட்டால் இனிமேல் இல்லை என்று எழுந்து போய் அவள் மேசையருகே நின்றான்.

“பாண்டீஸ்வரி, அந்தப் பக்கத்துல ஒரு தப்பு இருக்கும்மா. நான்தான் எழுதுனேன்.”

“இதாண்ணே? அண்ணன் அப்பவே திருத்தி வச்சிருக்குல்ல.” நோட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

சிவப்பு மை. கணாதர் அடிக்கப்பட்டு மேலே கௌதமர், கௌதமர் அடிக்கப்பட்டு மேலே கணாதர், ஓரத்தில் பேச்சிமுத்துவின் குண்டு எழுத்தில் தேதி. அந்தத் தேர்வுக்கு ஒரு மாதம் முந்தைய தேதி. இவன் கண்டுபிடிப்பதற்கு இருபது நாள் முன்னால்.

“டீக்கடையில சொல்லித் திருத்துவீகளாம்ல, அண்ணன் சொல்லும்” என்றாள் அவள். “இதையும் ஒங்ககிட்டச் சொல்லுச்சா?”

“சொன்னான்மா” என்றான். சொல்லும்போதே தெரிந்தது, இதுவும் பொய்.

தன் இடத்துக்கு எப்படி வந்து உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. அப்படியென்றால் அந்தக் கேள்வியைப் பேச்சிமுத்து சரியாகத்தான் எழுதியிருக்கிறான், வேறெதிலோ போயிருக்கிறது, தன்னால் இல்லை, இரண்டு வருடப் பாரம் இறங்கியிருக்க வேண்டுமே, ஏன் இறங்கவில்லை? ஏன் சொல்லவில்லை அவன், நான் தப்பாகவே எழுதட்டும் என்றா, இல்லை சொன்னால் என் முகம் சுருங்கிவிடும் என்றா... அந்தத் தேர்வுக்கு முந்தைய சாயங்காலம் பெரியார் நிலையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்றபோது பேச்சிமுத்து கேட்டான், “மாப்ள, திருத்தம் ஏதும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிரு.” இவன் சொன்னான், “ஒண்ணுமில்ல மாப்ள, தைரியமாப் போ.” பேச்சிமுத்து கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டுச் சரி என்று பஸ் ஏறினான். இந்தத் தப்பைத் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறான். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்திருக்கிறான், பார்த்தும்விட்டான், அதற்கப்புறமும் என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். பாவி, ஒரு தடவை சட்டையைப் பிடித்திருக்கலாமே.

பைக்குள் கையை விட்டுப் பேச்சிமுத்து எழுதிக் கொடுத்த அரசியலமைப்பு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு, ஷரத்து எண், வருடம், திருத்தச் சட்டம் எல்லாவற்றையும் ஒப்பிட்டான். சிவப்பு மைத் திருத்தங்கள் ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது, ஒவ்வொன்றும் டீக்கடையில் சொல்லிச் செய்ததாக அவனுக்கே ஞாபகம் இருந்தது. பதினெட்டாம் பக்கம் வரை வந்தபோதுதான், தான் தேர்வுக்குப் படிக்கவில்லை என்று அவனுக்கு உறைத்தது. ஒரே ஒரு தப்பு, பேச்சிமுத்துவும் தன் நோட்டில் தெரிந்தே சொல்லாமல் விட்ட ஒன்று, கிடைத்தால் போதும் என்று இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பினான்.