மேவ் படுக்கக் கட்டிய பரண்

அந்த மார்ச் மாதம் முழுக்க, டாரலின் தோட்டத்து நான்கு யூகலிப்டஸ் மரங்களும் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் நின்றன. இருபது வருடம் தச்சுவேலை பார்த்த டாரல் முதலில் அளக்கும் டேப்பைத்தான் சந்தேகப்பட்டான். லிஸ்மோர் டவுனுக்குப் போய்ப் புது டேப் வாங்கிவந்தான். காலையில் நாலரை மீட்டர் இருந்த இடைவெளி, சாயங்காலம் நாலு மீட்டருக்கும் குறைந்திருந்தது. வேர் பெயர்ந்த தடமில்லை, புல்கூட மடங்கவில்லை.

"டேப்பத் தொய்ய விட்டிருப்ப," என்றாள் மனைவி லினெட்.

"அப்ப நீயே வந்து பிடி."

பிடித்தாள். பிறகு துணி காயப்போடப் போய்விட்டாள்.

அந்த நான்கு மரங்களுக்கும் நடுவே உயரத்தில் கட்டவேண்டிய பரண் வேலையைத் தள்ளிப்போடவும் வழியில்லை. முந்தைய வருடம் ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, அவர்கள் மகள் மேவை யாரோ கூரையிலிருந்து படகில் இறக்கினார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இந்த மேட்டுக்குக் குடிவந்த பிறகும் அவள் படுக்கவே இல்லை. சமையலறை மேசைமேல் ஏறி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். மரத்து மேலே இடமிருந்தால் படுப்பதாக அவளே சொல்லியிருந்தாள்.

பக்கத்து மாட்டுப்பண்ணை நார்ம் வேலியில் சாய்ந்துகொண்டு, பால் விலையைச் சொல்வதுபோலச் சொன்னான்: "உன் பொண்ணு ஸ்கூல் பஸ் ஏறினதும் மரமெல்லாம் விலகுதுங்க. இறங்கினா கிட்ட வருதுங்க. இன்னுமா நீ கவனிக்கல?"

டாரலுக்குக் குழப்பம் கூடத்தான் செய்தது. அவள் இல்லாத நேரத்து அளவுக்கு உத்திரங்களை அறுத்தால், அவள் வந்ததும் மரங்கள் பரணை நொறுக்கிவிடும். அவள் இருக்கும் அளவுக்கு அறுத்தால், காலையில் பரண் விழுந்துவிடும். உத்திரக் கட்டைமேல் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நான் மேல இருக்கும்போது சரியா இருந்தா போதாதா?" என்றாள் மேவ்.

சாயங்கால அளவுக்கே அறுத்தான். ஒரு மரத்தில் மட்டும் போல்ட் போட்டு இறுக்கினான். மற்ற மூன்றிலும் நீளமான இரும்புத் தாங்கிகள் அடித்து, உத்திரங்கள் அவற்றின்மேல் வழுக்கிப் போய்வர விட்டான். பரண் முடிந்த மறுநாள் காலை லினெட் ஏணியில் ஏறிப் பார்த்தாள். மேவ் காலை நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேவ் நர்ஸ் வேலைக்குப் படிக்க பிரிஸ்பேன் போனபோது மரங்கள் ரொம்பவே விலகின. தாங்கிகளின் நீளம் போதாமல், டாரல் பரணைப் பிரித்துக் கொட்டகையில் அடுக்கினான். ஒரு மரம் ஓடைக்கரைக்குப் போயிற்று. ஒன்று வேலிக்கு அப்பால் நார்மின் மாடுகளுக்கு நிழலாக நின்றது. நட்ட நாளிலிருந்து பெற்ற அப்பன்போலப் பார்த்துக்கொண்ட இந்த இடத்தின் முன்னாள் சொந்தக்காரரை விட்டுவிட்டு, இடையில் வந்த மேவிடம் மரங்களுக்கு ஏன் இத்தனை ஒட்டுதல் என்பது டாரலுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும், மேவ் லீவுக்கு வருகிற வாரம், நார்ம் தன் வேலிக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிவைத்தான். மேவிடம் திரும்பும் மரம் கம்பியை அறுத்துக்கொண்டு போனால் மறுபடி இழுத்துக் கட்டுவது பெரிய வேலை.