கீபோர்ட் எந்தப் பக்கத்துச் சாமான்

1

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வந்து பாயில் உட்காருங்கள். வாவிக் காற்று ஈரமாக இருக்கிறது. ஒரு கதை தருகிறேன். முடிவும் தருவீர்களா என்று மட்டும் இப்போதே கேட்க வேண்டாம்.

இது எனக்குக் கிடைத்தது காத்தான்குடியில், போன் திருத்தும் ஒரு கடையில். என் போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று போயிருந்தேன். எனக்கு முன்னால் என் வயதுக்காரர் ஒருவர் நின்றார். பையிலிருந்து ஒரு கீபோர்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். டெப் என்கிற தட்டைக் கணினியோடு ஒட்டிக்கொள்ளுமே, மூடினால் கவர், விரித்தால் கீபோர்ட், அந்த வகை. டெப் இல்லை. கீபோர்ட் மட்டும்.

"தம்பி, இதுக்குள்ள இரிக்கிற எழுத்த வெளிய எடுக்கேலுமா?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்னும் துஆச் செய்கிறேன். "ஹாஜியார், இதுக்குள்ள ஒண்டும் நிக்காது. எழுதினதெல்லாம் டெப்புக்குள்ளதான்" என்றார். பெரியவர் கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனார்.

நான் கண்டது இவ்வளவே. மற்றதெல்லாம் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவை.

(நானும் அன்றுவரை அவரைப்போலத்தான் நினைத்திருந்தேன். விரல் பட்ட இடத்தில்தானே எழுத்து இருக்கும்?)

2

முதல் தொடக்கம்: "வாவியின் மேல் மழை இருண்டு கொண்டு வந்த அந்தப் பின்னேரம்..." வெட்டிவிட்டேன். மழைக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "கழற்றக்கூடிய கீபோர்ட் கவரைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. இரண்டும் ஒரே கட்டிலில் படுத்திருந்தன." இதை வைத்துக்கொள்கிறேன்.

கட்டிலில் படுத்திருந்தவர்கள் அகீலாவும் பாஹிமும். கடையில் நான் கண்ட பெரியவர் அகீலாவின் வாப்பா, அப்துல் கபூர். பாஹிம் வீட்டுப் பிளான் கீறுகிறவன். டெப்பில் பேனையால் கீறி, கட்டுகிறவர்களுக்குக் கையில் பிடித்துக் காட்டுவான். அவனுக்குக் கீபோர்ட் ஒரு சுமை. கழற்றினால்தான் சாமான் சாமானாக இருக்கிறது என்பான். அகீலா ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் அடிக்கிறவள். கீபோர்ட் இல்லாவிட்டால் அது பந்து விளையாட்டுப் பார்க்கிற பெட்டி என்பாள். அவளுக்கும் குறைகள் இருந்தன. மடியில் வைத்தால் ஆடுகிறது. பாயில் வைத்தால் பின்னால் முட்டுக் கொடுக்கும் தகடு பாய்க்குள் இறங்கித் திரை மல்லாக்காகச் சாய்கிறது. ஒட்டும் இடத்துப் பித்தளைப் புள்ளிகளில் உப்புக் காற்றுப் பூத்து, காலையில் துடைக்காவிட்டால் பாதி எழுத்துத்தான் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் அதற்குத் தனி விலை. டெப் பாஹிம் கலியாணத்துக்குக் கொண்டுவந்தது. கீபோர்ட் கபூர் மகளுக்கென்று பிறகு வாங்கிக் கொடுத்தது.

[இங்கே காந்தத்தையும் தாம்பத்தியத்தையும் ஒப்பிட்டு ஒரு பந்தி இருந்தது. யாரும் எழுதக்கூடியது. எடுத்துவிட்டேன்.]

3

பாஹிமை முதலில் கெட்டவனாக எழுதினேன். சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததாலேயே சந்தேகம் பிடித்தது. அவன் உரத்துப் பேசாதவன். அந்த வீட்டில் ஆணி அடிப்பதென்றாலும் "மாமா, இதில அடிக்கலாமா?" என்று கபூரிடம் கேட்டுவிட்டு அடிப்பவன். நாலு வருடமாகக் கேட்டுக் கேட்டு அடித்தவன்.

ஏன் கேட்டான் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். வீடு பெண்ணுடையது. பெற்றவர்கள் அதைக் கட்டி, மகளின் பெயருக்கு எழுதிவிட்டுப் பின்னறைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். கபூரும், மனைவி மௌத்தான பிறகு, தனியாக அப்படித்தான் ஒதுங்கியிருந்தார். வீடு யாருடையது என்பது ஊருக்கே தெரியும். அதனாலேயே எந்த மனைவியும் அதை வாயால் சொல்வதில்லை. எத்தனை சண்டை வந்தாலும் அந்த ஒரு வசனம் நாக்குக்குக் கீழேயே கிடக்கும்.

ஒரு பகல், அகீலா பாயில் இருந்து வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். வாசல் படலையில் வீடு கட்டுகிற ஒருவர் வந்து பாஹிமைக் கூப்பிட்டார். அவன் உள்ளே வந்தான், குனிந்தான், திரையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தான். அவளுடைய விரல்கள் கீபோர்டிலேயே இருந்தன.

"ஒருக்காச் சொல்லிட்டு எடுத்தா என்ன மச்சான்?"

"என்ட டெப்ப எடுக்க யாருட்டக் கேக்கணும்?"

"அப்ப இது என்ட வீடு. இஞ்ச கேட்டுத்தான் எடுக்கணும்."

[அவள் இதைச் சொல்லாமல் நான் ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள்.]

பாஹிம் படலைக்குப் போனான். வந்தவருக்குப் பிளானைக் காட்டி, மாடிப்படி எங்கே வரும் என்பதை நிதானமாக விளக்கினான். திரும்பி வந்து டெப்பை அவள் முன்னால் வைத்தான். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறாவூருக்குப் போய்விட்டான். ஏறாவூரில் அவனுக்கு இருப்பதும் உம்மாவின் வீடல்ல. அது தங்கச்சிக்குப் போய்விட்டது. தங்கச்சியின் மண்டபத்தில், மச்சினனின் நித்திரைக்கு இடைஞ்சல் இல்லாமல், மூலையில் பாய் விரித்தான்.

4

இனி வருவதை எழுதக் கை வரவில்லை. ஆனால் கதை இதில்தான் முறிகிறது.

சில நாட்களில் பாஹிமின் தாய்மாமா நஸீர் வந்தார். மருமகனின் உடுப்புகளைத் தாருங்கள் என்றுதான் கேட்டார். டெப்பைக் கேட்கவில்லை. பாஹிம் அதைச் சொல்லி அனுப்பவில்லை. ஒருவன் கோபித்துப் போகும்போது தன் தொழில் சாமானை மனைவி முன்னால் வைத்துவிட்டுப் போகிறான் என்றால், அதற்கு என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது. கபூருக்குத் தெரியவில்லை.

கபூர் பின்னறையில் இருந்து அந்தச் சண்டையைக் கேட்டவர். மானம் அவருக்குத் தலைக்கு ஏறியிருந்தது. உடுப்பை மடித்தார், செருப்பைச் சுற்றினார், கலியாணத்துக்கு அவர்கள் கொண்டுவந்த கோப்பைகளைக்கூடப் பத்திரிகையில் பொதிந்தார். பிறகு டெப்பை எடுத்தார்.

"எங்களுக்கு ஒருத்தர்ட சாமானும் வாணா. இந்தக் கீபோர்ட் நாங்க வாங்கினது" என்று சொல்லி, அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, திரையை நஸீரின் கையில் கொடுத்தார்.

நஸீர் வாசலில் தயங்கி நின்று, பாஹிமுக்குக் கட்டாருக்கு விசா சரிவந்திருக்கிறது என்பதைச் சொன்னார். யாரும் வந்து கூப்பிடாவிட்டால் போய்விடுவான் என்பதைச் சொல்லாமல் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கோபித்துப் போன மாப்பிள்ளை தானாகத் திரும்பினால் அவருக்குக் குறைச்சல். பெண் வீட்டார்தான் போய் அழைத்துவர வேண்டும்.

அவர் போன பிறகு கபூர் கீபோர்டை மகளிடம் நீட்டினார்.

"நீ அடிச்சதெல்லாம் உன்னட்டத்தான் இரிக்கி மகள். விட்டிருவனா நான்?"

அகீலா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து வினாத்தாள்களைக் கையால் எழுதினாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கபூர் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். எனக்கு முன்னால் நின்றார்.

5

கடையிலிருந்து வந்தவர் அவள் பக்கத்தில் பாயிலேயே இருந்துவிட்டார்.

"ஏன் மகள், அண்டைக்கே சொல்லல்ல? நான் கழட்டக்குள்ள நீ திரைச்சீலைக்குப் பின்னால நிண்டதான?"

"நான் ஒருக்காச் சொன்னதே போதும் வாப்பா."

அவள் அடுத்த தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். நான்தான் அந்த இடத்தில் நெடுநேரம் பேனையை வைத்துவிட்டு இருந்தேன்.

6

முடிவுகள்.

அ. கபூர் கீபோர்டைச் சாட்டாக எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போகிறார். பாஹிம் ஏற்கெனவே வேறொன்று வாங்கிவிட்டான், மலிவானது, ஒட்டாமலே வேலை செய்வது. "நீங்களே வெச்சிக்கங்க மாமா" என்கிறான். (நடக்கக்கூடியது. நான் இதை எழுதிவிட்டு அன்று சாப்பிடவில்லை.)

ஆ. அகீலாவே போகிறாள். போய், மன்னிப்புக் கேட்டு, அவன் சிரித்து, இருவரும் ஓட்டோவில் ஏறி, கல்லடிப் பாலத்தில் காற்று... இல்லை. ஏறாவூரிலிருந்து காத்தான்குடிக்கு வருகிறவர்கள் பாலம் கடக்கத்தான் வேண்டும், ஆனால் அகீலா இதைச் செய்ய மாட்டாள். மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு அல்ல. அவள் எந்த வாயால் கேட்டாலும் அவன் காதில் பழைய வசனம்தான் விழும் என்று பயந்து.

இ. பாஹிம் கட்டாருக்குப் போகிறான். விமானத்தில் டெப்பைத் திற...

7

சரி. நான் போகக்கூடிய தூரம்வரை போகிறேன்.

கபூர் சேர்ட் போட்டுக்கொண்டு ஏறாவூருக்குப் போனார். பாஹிம் மூலையிலிருந்து எழுந்து வந்து ஸலாம் சொன்னான். மெலிந்திருந்தான். பையை வாங்கிப் பார்த்தான், கீபோர்டின் பித்தளைப் புள்ளிகளைச் சாரன் நுனியால் துடைத்தான். தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

"என்ன விசயம் மாமா?"

இப்போது கபூர் ஒரு வசனம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட வேண்டும். எந்த வீட்டுக்கு? உங்கட வீடு என்றால் பொய். ஆணிக்கு அனுமதி கொடுத்த வாய் அது. மகளுடைய வீடு என்றால் ஆறாத இடத்தில் மறுபடியும் கீறல். நம்மட வீடு என்று சொல்லலாமே என்பீர்கள். அதையும் எழுதிப் பார்த்தேன். பாஹிம் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். அந்த "நம்மட" என்ற சொல்லுக்குள் பின்னறையும் அங்கிருந்து கேட்கிற காதும் இருந்தன.

கபூர் வாயைத் திறந்தபடி இருக்கிறார். காத்தான்குடியில் மகள் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். விசா மேசையில் கிடக்கிறது. எனக்கு அந்த வசனம் கிடைக்கவில்லை பிள்ளைகளே. நான் எழுதப் படித்ததெல்லாம் தானாகப் படித்தது. இதை எங்கே படிப்பது? நீங்கள் பெண் வீட்டில் இருப்பவர்கள், மாப்பிள்ளையாகப் போனவர்கள், பின்னறையில் படுப்பவர்கள். உங்களில் யாருக்காவது தெரிந்தால் அவர் காதில் போய்ச் சொல்லுங்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லுங்கள்.

எழும்புங்கள், நேரமாகிறது. உங்கள் அடுப்பில் அல்லாஹ்வின் பரக்கத் இறங்கட்டும். உங்கள் வாசலில் கழற்றிய செருப்புகள் ஒன்றும் குறையாமல் கிடக்கட்டும். உங்கள் வீடு யாருடையது என்று உங்களில் ஒருவருக்கும், ஒரு நாளும், வாய் திறந்து சொல்ல வராமல் இருக்கட்டும்.