ஊசி முனையில் ஒரு படிகம்

வில்னியுஸ் ஆய்வகத்தின் குளிரறையில் அன்று காலை இருந்தவர்கள்: பேராசிரியர் ரிமான்தாஸ், அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் நெரியுஸ், படிப்பைப் பாதியில் விட்டு அங்கேயே உதவியாளராக ஒட்டிக்கொண்ட யுர்கா. நுண்ணோக்கிக்கு அடியில், ஒரு சொட்டில், இரண்டு படிகங்கள்.

மூன்று வருடமாக யுர்கா மல்லுக்கட்டியது ஒரு நொதிப் புரதத்தின் படிகத்துக்காகத்தான். பாக்டீரியா இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ-வைப் படியெடுக்கும் நொதி. தனியே விட்டால் பத்துப் பதினைந்து எழுத்து எழுதியதும் கழன்று விழுந்துவிடும். இரண்டு பாதிகள் கைகோத்த வளையம் ஒன்று இழையைச் சுற்றி வளைத்து, நொதியையும் பிடித்துக்கொண்டால், ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளும். மருந்துக்கு மசியாத ஒரு கிருமியில் அந்தப் பிடி எப்படியிருக்கிறது என்று எவரும் பார்த்ததில்லை. நல்ல படிகம் கிடைத்தால் ஹாம்பர்க்கிலுள்ள எக்ஸ்ரே இயந்திரம் காட்டிவிடும்.

போன வருடமும் படிகம் வந்தது. யுர்கா மாடி முழுவதற்கும் கேக் வெட்டினாள். இயந்திரத்தில் வைத்தபோது வெறும் உப்பு.

“வெள்ளரிக்கா ஊறப்போட இந்த உப்பு போதுமா?” என்றான் நெரியுஸ்.

“உன் வாயை ஊறப்போடப் போதும்.”

ரிமான்தாஸ் சிரிக்கவில்லை. “ஹாம்பர்க்குக்கு ஒரு டிக்கெட்தான், யுர்கா. நெரியுஸோட படிகம் தயாரா இருக்கு. இதை நம்பி நான் அனுப்ப முடியாது.”

“ஊசியால குத்திப் பாத்துடறேன்.”

“இருக்கறதே ரெண்டு.”

“ஒண்ணு போகட்டும், புரொபசர். உப்புன்னா நான் வாயைத் திறக்கல. புரதம்னா நான்தான் போவேன். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்.”

பட்டமில்லாத எவரையும் அவர் இதுவரை அனுப்பியதில்லை. நுண்ணோக்கியை அவள் பக்கம் நகர்த்தினார். “சரி, குத்து.”

சின்னதைத் தேர்ந்தெடுத்தாள். உப்பென்றால் ஊசி முனையில் சடக்கென்று தெறிக்கும். போன வருடம் இதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஊசி இறங்கியது. தெறிக்கவில்லை. படிகம் பாலாடைக்கட்டி போல் மெத்தென்று உதிர்ந்தது.

நெரியுஸ் குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

“என்னடா, வெள்ளரிக்கா எங்க?”

“விடுங்க,” என்றான். அதுவரை அவளை ‘நீ’ என்றே பேசியவன். “நீங்களே போங்க.”

மிச்சமிருந்த பெரிய படிகத்தைக் கம்பி நுனியிலுள்ள சிறு நூல்வளையத்தில் அள்ளித் திரவ நைட்ரஜன் குடுவையில் அமிழ்த்தினாள் யுர்கா. அந்தக் கட்டடத்தில் பட்டம் வாங்கிய எவரும் வளர்க்காததை வளர்த்த கை அது. அது அவளுக்குத் தெரியும்.

வெளிக்கதவின் சாவி உதவியாளர்களுக்குக் கிடையாது. நெரியுஸ்தான் வந்து திறந்து பிடித்தான். குடுவையை மார்போடு அணைத்தபடி அவள் படியிறங்கினாள். அவன் கதவைச் சாத்திப் பூட்டினான்.