நாலு மணிக்கு இறங்க வேண்டிய விமானம்

பேருந்துப் பணிமனையின் நேரக் காப்பாளருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. வண்டிகள் கிளம்புவதையும் வந்து சேர்வதையும் குறித்து, தாமதமாக வருகிற ஓட்டுநரை நிறுத்திக் கேள்வி கேட்பதுதான் அவருடைய வேலை. அன்றைக்கோ நேரத்துக்கு வந்தவர்களுக்கும் திட்டு விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விஷயம் இதுதான். ஒரே மகள் மேல்படிப்புக்காக விமானம் ஏறிவிட்டாள். வேண்டாம் என்று இவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையாம்; அதனால் ஒரு மாதமாக மனுஷர் அவளுக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. வழியனுப்பவும் போகவில்லை. அப்படியொரு வீம்பு.

ஆனாலும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த டிக்கெட்டை, வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வைத்திருந்தார். காலை பத்துக்குக் கிளம்பி மாலை நாலுக்கு இறங்குகிறது. காலமெல்லாம் இதே கணக்கைப் போடுகிறவருக்கு விரல் விட்டு எண்ண வேண்டுமா என்ன? ஆறு மணி நேரம். தூரம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே உறைத்திருக்கும். கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

நாலு மணி ஆயிற்று. போன் வரவில்லை. தேநீர் வாங்கிக் குடிக்க மறந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், வாசல் வரை போய் ஒன்றுமில்லாமல் திரும்பினார். வண்டி வராவிட்டால் முந்தைய நிலையத்தைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஆகாயத்தில் யாரை விசாரிப்பது? ஐந்து மணிக்குக் கௌரவத்தை மூட்டை கட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“அவ போன் பண்ணாளா?”

“எவ?” மனைவி லேசில் விடுவதாக இல்லை.

“நம்ம பொண்ணுதான். நாலு மணிக்கே இறங்கியிருக்கணுமே.” குரல் உடைந்துவிட்டது.

அந்த அம்மாளின் கிண்டல் அத்தோடு நின்றது. “அது அந்த ஊர் நாலு மணிங்க. நமக்கு அப்போ ராத்திரி ரெண்டு. பதினாறு மணி நேரம் பறக்கணும். இன்னும் பாதி வழிகூடத் தாண்டல.”

டிக்கெட்டில் இரண்டு ஊருக்கு இரண்டு கடிகாரம் இருக்கும் என்று அவர் எங்கே கண்டார்? அவருடைய வண்டிகள் எத்தனை தூரம் ஓடினாலும் ஒரே கடிகாரத்துக்குள்தான் போய் வந்தன. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி ஒரு நொடி நின்றது. அவ்வளவு தூரமா என்ற பயம் அடுத்த நொடியே வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் அவள் குளியலறைக் கதவைத் தட்டி, “போயிட்டு வரேம்பா” என்றபோது, இவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

பணிமனைக்குப் பின்னால், பழைய டயர்கள் கிடந்த பக்கம் போய், போனை வாயருகில் வைத்துக்கொண்டு பேசிப் பதிந்தார்.

“அப்பா பேசறேன். இறங்கினதும் முதல்ல எனக்குப் பண்ணு. அம்மாவுக்கு அப்புறம் பண்ணிக்கலாம்.”

விமானத்தில் அவள் போனை அணைத்துத்தான் வைத்திருப்பாள் என்று தெரியும். தெரிந்தும், அனுப்பிய கையோடு பதில் வந்துவிட்டதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.