விலங்குகளை மட்டும் எடுக்கும் கேமரா

அந்தக் கேமரா விலங்குகளை மட்டும்தான் படமெடுக்கும் என்று ஊரில் சொல்லி வைத்தவள் நான்தான். கழுதைப்புலிகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் விட்டுச் சென்றது அது. எதிரே எது அசைந்தாலும் தானாகவே படமெடுக்கும். மூன்று வருடமாக அதை வீட்டுக்குப் பின்னால், பூசணிக் கொடிகளைத் தாண்டி நிற்கும் மரத்தில் கட்டி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும், மதியச் சோளக்களி, சட்சா, கிளறுவதற்கு முன்பே, படங்களைப் போனில் ஏற்றிப் பார்த்துவிடுவேன். கீரி வரும், புனுகுப்பூனை வரும். ஒருமுறை ஒரு தேன்வளைக்கரடி என் வாளியை உருட்டிக்கொண்டு போனது.

ஊரார் புதருக்கு ஒதுங்கப் போகும் வழியும் அதுதான். அவர்களும் படத்தில் விழுவார்கள். பார்த்தவுடன் அழித்துவிடுவேன். யாராவது கேட்டால், அது மனிதர்களை எடுக்காது என்பேன். எல்லோரும் நம்பினார்கள். என் கணவரின் அண்ணன் வில்பெர்ட்டும் நம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தொன்றாவது படத்தில் அவர் நின்றார். வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தே முக்கால். தலையில் தொப்பி. ஒரு கையில் கம்பிச் சுருக்கு. மறு கையில், பின்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிட்ட முள்ளம்பன்றி.

என் புகுந்த வீட்டார் முள்ளம்பன்றிக் குலம். அந்த வீட்டு ஆண்களை மரியாதையாக அழைப்பதென்றால் முள்ளம்பன்றியாரே என்றுதான் அழைக்க வேண்டும். குல விலங்கை அவர்கள் கொல்ல மாட்டார்கள், தின்ன மாட்டார்கள். தின்றால் பல் கொட்டிவிடும். ஆனால் முள்ளம்பன்றிகள் வில்பெர்ட்டின் சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டு மாதமாகத் தோண்டிக்கொண்டிருந்தன. ஆத்திரத்தில் செய்திருப்பார். அதைக்கூட நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமையன்றே அவர் ஊரைக் கூட்டியிருந்தார். லைசன் பிரியின் வேலியோரம் முட்களும் ரத்தமும் கிடக்கின்றன, எங்கள் குல விலங்கை அவன் கொன்றுவிட்டான் என்று கத்தினார். லைசனின் நிலம் ஓடையை ஒட்டியது. வில்பெர்ட்டின் தோட்டத்துக்கு அடுத்தது. அவருக்கு அதன்மேல் எத்தனை வருடமாகக் கண் என்று எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை, குற்றம் உறுதியானால் லைசன் குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார்.

படத்தை என் கணவர் தவுராயிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அழிச்சுடு நெட்சாய். அண்ணன் முகத்துல கரியப் பூசிட்டு நாம இந்த ஊர்ல எப்படி இருக்கறது?"

நான் அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை வில்பெர்ட்டின் மகன்கள் போய் லைசன் வீட்டுக் கூரைப் புல்லைப் பிய்த்துப் போட்டார்கள். லைசனின் மனைவி எனெலெஸ் அண்டாக்களை வெளியே எடுத்து வைப்பதை என் அடுப்படியிலிருந்து பார்த்தேன். கிளறிக்கொண்டிருந்த சட்சா அடிப்பிடித்தது.

விசாரணை தலைவரின் மாட்டுப்பட்டிக்கு அருகே நடந்தது. ஆண்கள் முக்காலிகளில். பெண்கள் நாங்கள் ஒரு பக்கமாகப் பாயில். அங்கே மருமகள் வாய் திறப்பதில்லை. எதுவானாலும் கணவன்தான் எழுந்து சொல்வான். என் கணவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்பெர்ட் நிறையப் பேசினார். முன்னோர்களைப் பெயர் பெயராக அழைத்தார். குரல் தழுதழுத்தது, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"இவங்கப்பன் மலாவியிலேர்ந்து கூலிக்கு வந்தவன். எங்க குலத்தோட அருமை இவனுக்கு எங்க தெரியப்போவுது?"

லைசன் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"தெரியாதுதான். முள்ளம்பன்றி தின்னா எங்க வீட்டுல யாருக்கும் பல்லு கொட்டாது. தின்னிருந்தா தின்னேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். ஒளிச்சு வைக்க எனக்கு என்ன இருக்கு?"

இரண்டு பேர் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்கள். ஊருக்கு அமைதி வேண்டும், நிலத்தை விட்டுவிடுவதே நல்லது என்று தலைவர் ஆரம்பித்தார். நான் எழுந்தேன். என் கணவர் என் பெயரைச் சொன்னது காதில் விழுந்தது. நேராகப் போய்ப் போனைத் தலைவர் கையில் கொடுத்தேன்.

அவர் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். கை மாறி மாறிப் போயிற்று. ஒருவர், இந்த மாதிரித் தொப்பி ஊரில் பல பேரிடம் இருக்கிறது என்றார். கடைசியில் போன் வில்பெர்ட்டிடம் வந்தது.

"அது மிருகத்த மட்டுந்தான் எடுக்கும்னு நீதானே சொன்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது.

"ஆமா முள்ளம்பன்றியாரே," என்றேன். "பொய்தான் சொன்னேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். லைசன் இருக்கட்டும், நிலமும் அவனிடமே இருக்கட்டும், படத்தை இங்கேயே அழித்துவிடு, இத்தோடு முடிந்தது என்றார். முடிந்ததாம். முட்களைக் கொண்டுபோய் அடுத்தவன் வேலியில் கொட்டியது, கண்ணைத் துடைத்துக்கொண்டது, எல்லாம் என் விரலின் ஒரு தொடுதலில் இல்லாமல் போய்விட வேண்டும்.

"மொதல்ல இவர் சொல்லட்டும்," என்றேன்.

தலைவர் வேறு பக்கம் பார்த்தார். வில்பெர்ட் தரையைப் பார்த்தபடி முனகினார்.

"அவன் செய்யல."

"எவன்? பேரச் சொல்லுங்க."

"லைசன் செய்யல."

அழித்தேன். மூன்று வருடத்தில் முள்ளம்பன்றி அவ்வளவு தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான்.

லைசன் எழுந்தார். தலைவருக்குக் கைதட்டிச் சொல்லும் வழக்கமான வணக்கத்தைக்கூடச் சொல்லாமல் கிளம்பினார். யாரும் தடுக்கவில்லை. என்னைக் கடக்கும்போது நின்றார்.

"படத்த என்னிக்குப் பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"கூரையப் பிச்சது புதன்கிழமை," என்றார். நன்றி சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, எங்கள் தானியக் குதிருக்கென்று அறுத்து அடுக்கி வைத்திருந்த கூரைப் புல்லில் இரண்டு கட்டுகளைத் தலையில் ஏற்றினேன். அது நம்முடையது, மழைக்கு முன்னால் நமக்கு வேண்டும் என்று என் கணவர் வாசலை மறித்தார்.

"தள்ளுங்க," என்றேன். "இன்னும் பதினோரு கட்டு இருக்கு. நீங்களும் தூக்குங்க."